கண்ணாயிரத்தை எடிட்டருக்குள் விட வேண்டும்: சொந்தமாகச் செல்லப்பிராணி வரைந்தவர்கள் வழி சொல்லுங்கள்

அரைப்புள்ளி | செவ்வாய், இரவு 11.42

ஊரில் எங்கள் வீட்டில் ஒரு பூனை இருக்கிறது. பெயர் கண்ணாயிரம். சாம்பல் வரிப் பூனை. இடது காது நுனியில் ஒரு கிழிசல், பக்கத்துத் தெருக் கடுவனோடு போட்ட சண்டையின் மிச்சம். நான் வீட்டிலிருந்து வேலை பார்த்த இரண்டு வருடமும் லேப்டாப்புக்குப் பின்னால், சூடான காற்று வெளியே வரும் இடமாகப் பார்த்துப் படுத்திருப்பான். இப்போது அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். வாடகை வீட்டுக்காரரோ பூனை கூடவே கூடாது என்கிறார். ஆக, கண்ணாயிரம் அம்மாவோடு ஊரில், நான் இங்கே.

நான் நிரல் எழுதும் எடிட்டர் விஎஸ் கோட். அதில் ‘விஎஸ் கோட் பெட்ஸ்’ என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) போட்டுப் பார்த்தேன். பூனை, நாய், நண்டு, பாம்பு, ரப்பர் வாத்து, மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸில் உதவ வந்த பழைய காகிதக் கிளிப் கிளிப்பிகூட இருக்கிறது. பந்து எறிந்தால் ஓடிப்போய்க் கவ்வுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அது யார் வீட்டுப் பூனையோ. எனக்கு என் பூனை வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரியும். வரையச் சுத்தமாக வராது. எங்கே தொடங்குவது?

பழைய முனையம் | புதன், காலை 6.10

தம்பி, இது முப்பத்தைந்து வருடத்துக்கும் மேல் பழைய ஆசை. 1980களில் ஜப்பானில் என்இசி பிசி-9801 என்ற கணினிக்கு நவோஷி வத்தனபே என்பவர் ‘நெகோ’ என்று ஒரு குட்டி நிரல் எழுதினார். நெகோ என்றால் அவர்கள் மொழியில் பூனை. 1989-இல் கென்ஜி கோத்தோ அதை மேக்குக்குக் கொண்டுவந்து, படங்களையும் புதிதாக வரைந்தார். அப்புறம் யூனிக்ஸ் பக்கம், திரையில் சன்னல்களைக் காட்டும் எக்ஸ் விண்டோவுக்கு ‘ஒநெகோ’ வந்தது. மவுஸ் போகிற பக்கமெல்லாம் பின்னால் ஓடும். நீங்கள் நின்றால் அதுவும் நிற்கும், சொறிந்துகொள்ளும், கொட்டாவி விடும், தூங்கிவிடும். அவ்வளவுதான் அதன் மொத்த வாழ்க்கை.

உங்களுக்கு வேண்டிய கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது. மொத்தம் 32 படங்கள், ஒவ்வொன்றும் 32-க்கு 32 பிக்சல். எட்டுத் திசையில் ஓட, திசைக்கு இரண்டு வீதம் 16. திரையின் நான்கு ஓரங்களையும் பிறாண்ட 8. மீதி எட்டில் உட்காருவது, விளையாடுவது, சொறிவது, தூங்குவது, திடுக்கிட்டு விழிப்பது எல்லாம் அடங்கிவிடும். கோப்புப் பெயர்கள் ஜப்பானியச் சொற்கள்: ‘மதி’ என்றால் காத்திருப்பது, ‘ககி’ சொறிவது, ‘தொகி’ நகம் தீட்டுவது. நான் முதலில் அந்த மூலநிரலைத் திறந்தபோது ‘மதி’ யார் வீட்டுப் பெண் என்று யோசித்தேன்.

ஒரு திசைக்கு இரண்டே படம். கால் முன்னே, கால் பின்னே. மீதியைக் கண் தானே நிரப்பிக்கொள்ளும். ஆகவே வரையத் தெரியாது என்று பயப்படாதீர்கள். இணையப் பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் ஒநெகோ ஒன்று இருக்கிறது. அதில் 32 படங்களும் ஒரே தாளில், குறுக்கே 8, நெடுக்கே 4. அந்தத் தாளை மட்டும் உங்கள் பூனையாக மாற்றி வரைந்தால் போதும், நிரலில் கை வைக்கவே வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. லினக்ஸில் எக்ஸ் விண்டோவை விட்டு, அதற்குப் பதிலாக வந்த வேலாண்டுக்கு மாறியவர்கள் பழைய ஒநெகோவை ஓட்டிவிட்டுப் பூனை ஏன் பாதியில் நிற்கிறது என்று கேட்பார்கள். வேலாண்டில் ஒரு செயலிக்கு அதன் சொந்தச் சன்னலுக்கு வெளியே மவுஸ் எங்கே இருக்கிறது என்று தெரியாது. பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். பூனை மேல் தப்பில்லை.

கோலப்புள்ளி | புதன், மதியம் 1.25

அரைப்புள்ளி, உங்கள் வீட்டில் யாராவது மார்கழியில் கோலம் போட்டிருப்பார்கள் இல்லையா? பிக்சல் வரைவதும் அதுதான். கட்டம் முதலில், கோடு பிறகு.

எல்லோரும் செய்கிற தவறு, பூனையின் புகைப்படத்தை 32 பிக்சலுக்குச் சுருக்கி அதன் மேல் வரைவது. அது சாம்பல் கஞ்சியாகத்தான் வரும். முதலில் கறுப்பு நிறத்தில் நிழலுருவம் மட்டும் வரையுங்கள். உள்ளே ஒன்றும் வேண்டாம். அந்த நிழலைப் பார்த்து ‘பூனை’ என்று யாராவது சொன்னால்தான் நிறத்துக்குப் போக வேண்டும். நிறம் நான்கு போதும்: கறுப்பு ஓரம், உடம்புச் சாம்பல், வரிக்கு அடர்சாம்பல், வயிற்றுக்கு வெள்ளை.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பிஸ்கெல் பிரவுசரிலேயே ஓடும், இலவசம். அசெப்ரைட் இன்னும் வசதி. அது விலைக்கு, ஆனால் மூலநிரல் வெளியே இருக்கிறது, நீங்களே கம்பைல் செய்துகொள்ளலாம்.

ஜிஃப் (அசையும் படக் கோப்பு) ஆக்குவதானால் இரண்டு விஷயம். ஜிஃப்பில் ஒரு பிக்சல் தெரியும் அல்லது தெரியாது, பாதி தெரிவது என்ற பேச்சே இல்லை. ஓரத்தை மென்மையாக்கினால் இருட்டுத் தீமில் பூனையைச் சுற்றி வெள்ளையாகப் பொடுகு உதிர்ந்தது போலத் தெரியும். அப்புறம் வேகம். ஜிஃப் நேரத்தை நொடியின் நூறில் ஒரு பங்காகத்தான் எண்ணும். நொடிக்கு 8 படம் வேண்டுமென்றால் ஒன்றுக்கு 12.5 பங்கு வரும், அரையை எழுத முடியாது. 12 அல்லது 13 போடுங்கள், யாருக்கும் தெரியாது. அவசரப்பட்டு 1 போட்டுவிடாதீர்கள். பிரவுசர்கள் அதை நம்பாமல் 10 ஆக்கிவிடும், வேகமாக ஓட வேண்டிய பூனை ஆற அமர நடக்கும்.

பெரிதாக்கினால் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்ணில் ஆக்குங்கள். இணையப் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் படத்தைப் ‘பிக்சலேட்டட்’ என்று காட்டச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் மங்கிவிடும்.

இருட்டுத் தீம் | புதன், மாலை 7.03

நடுவில் ஒரு வார்த்தை. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. கண்ணின் ஓரத்தில் ஏதாவது அசைந்துகொண்டே இருந்தால் அரை மணியில் வலி ஆரம்பித்துவிடும். நேராகப் பார்க்கும்போதைவிட ஓரப் பார்வையில்தான் அசைவு இன்னும் உறுத்தும். யார் பிராணி செய்தாலும், இயங்குதளத்தில் ‘அசைவைக் குறை’ என்று வைத்திருப்பவர்களுக்கு அது அசையாமல் உட்கார்ந்திருக்கட்டும். முனையம் அண்ணன் சொன்ன அந்த ஜாவாஸ்கிரிப்ட் பூனை இதைப் பார்த்துவிட்டு வராமலே இருந்துவிடும். நல்ல பிள்ளை.

அரைப்புள்ளி | ஞாயிறு, இரவு 10.15

மூன்று இரவு போய்விட்டது. முதல் நாள் வந்தது உருளைக்கிழங்குக்குக் கால் முளைத்த மாதிரி ஒன்று. அறைத் தோழனிடம் நிழலுருவத்தைக் காட்டினேன், “பெருச்சாளியா?” என்றான். அக்கா சொன்னபடி திரும்பத் திரும்ப அழித்தேன். கடைசியில் பிடிபட்டது, கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவில் ஒரு பிக்சல் பள்ளம் விட வேண்டும். அது இல்லாமல் தலை தனியாகத் தெரிவதில்லை. அந்த ஒரு புள்ளியை எடுத்ததும் பெருச்சாளி பூனையாகிவிட்டது!

இப்போது வேறு சிக்கல். பெட்ஸ் நீட்சியின் மூலநிரலை இறக்கி, மீடியா கோப்புறையில் என் ஜிஃப்களைப் போட்டு, டைப்ஸ்கிரிப்டில் பூனைக்கு ஒரு கிளாஸ் சேர்த்து, பொட்டலம் கட்டி என் கணினியில் நிறுவினேன். ஓடுகிறான். வலப்பக்கம் போகும்போது சரியாக இருக்கிறான். இடப்பக்கம் திரும்பினால் காதுக் கிழிசல் வலது காதுக்குப் போய்விடுகிறது. ஏன்?

கோலப்புள்ளி | திங்கள், காலை 9.40

அந்த நீட்சியில் எல்லா ஜிஃப்பும் வலது பார்த்துதான் இருக்கும். இடது பக்கம் திரும்பும்போது சிஎஸ்எஸ் அதே படத்தைக் கண்ணாடி போலக் குறுக்கே புரட்டிவிடும். பாதி வேலை மிச்சம், அளவும் மிச்சம். சமச்சீரான பிராணிக்கு இது போதும். வலது பார்த்து நடக்கும்போது கண்ணாயிரத்தின் வலது காது நமக்கு அருகில், கிழிந்த இடது காது தூரத்தில். திரும்பினால் கிழிந்த காதுதான் அருகில் வர வேண்டும். புரட்டிய படத்தில் அது தூரத்திலேயே நின்றுவிடும். ஒரு பக்கம் மட்டும் திட்டு இருக்கும் நாய்க்காரர்கள் எல்லோரும் இதில் முட்டிக்கொள்வார்கள்.

இரண்டு வழி. கிளாஸுக்குள் இடது பார்க்கும்போது வேறு ஜிஃப் எடுக்கச் சொல்லலாம், அப்போது எல்லாப் படமும் இரண்டு தொகுப்பு வரையணும். அல்லது விட்டுவிடலாம். இரண்டே பிக்சல், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அரைப்புள்ளி | திங்கள், காலை 9.52

எனக்குத் தெரியுமே அக்கா.

பழைய முனையம் | திங்கள், காலை 10.30

இதனால்தான் நான் 32 படத் தாளைச் சொன்னேன். அதில் இடதும் வலதும் தனித்தனிப் படம். அந்தக் காலத்து ஆட்கள் சோம்பேறித்தனம் பார்க்காமல் வரைந்துவிட்டார்கள். ஒரு சின்ன வெப்வியூ (எடிட்டருக்குள் இணையப் பக்கம் காட்டும் பெட்டி) நீட்சி நீங்களே எழுதி, அந்தத் தாளை உள்ளே விடுங்கள். எடிட்டரின் எழுத்துகள் மேலேயே நடக்கவிட விஎஸ் கோட் சம்மதிக்காது, தனிப் பெட்டிக்குள்தான் ஓட வேண்டும். மவுஸும் அந்தப் பெட்டிக்குள் வந்தால்தான் அவனுக்குத் தெரியும். மற்ற நேரம் கண்ட இடத்துக்கு நடக்கட்டும், பூனைதானே.

நள்ளிரவுக் கமிட் | திங்கள், இரவு 1.18

நான் ஒரு படி மேலே போய் மாட்டிக்கொண்டவன், கேளுங்கள். என் நாய்க்கு எடிட்டரின் பிழைப் பட்டியலைக் காதில் போட்டுவிட்டேன். சிவப்புக் கோடு வந்தால் தலையைத் தொங்கப்போடும், போனால் வாலாட்டும். பிழைப் பட்டியல் மாறும்போதெல்லாம் நீட்சிக்குத் தகவல் வரும் வசதி விஎஸ் கோடிலேயே இருக்கிறது, எழுதப் பத்து வரிதான்.

யோசிக்காமல் விட்டது என்னவென்றால், எழுதிக்கொண்டிருக்கும் வரி எழுதி முடிக்கும்வரை பிழைதான். அடைப்புக்குறியைத் திறந்தால் மூடும்வரை பிழை. நாள் முழுக்க நாய் அழுதுகொண்டே இருந்தது. விரல் நின்று இரண்டு நொடி கழித்துப் பார் என்று மாற்றினேன். அப்போதும், நான் யோசிக்கலாம் என்று கையை எடுக்கும் அந்த நேரம் பார்த்துச் சரியாக அழும்.

இப்போது நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஓட்டத்தோடு மட்டும் கட்டியிருக்கிறேன். முடிவில் எக்ஸிட் கோட் 0, அதாவது எல்லாம் சரி என்று வந்தால் குதிக்கும். வேறு எண் வந்தால் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். எங்கள் டெஸ்ட் முடிய நாலு நிமிடம் ஆகும். முன்பெல்லாம் டெர்மினலை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன், இப்போது வேறு வேலை பார்க்கிறேன், நாய் குதித்தால் திரும்புகிறேன். அரைப்புள்ளி, கண்ணாயிரத்துக்கும் இதைச் செய்யுங்கள்.

பழைய முனையம் | செவ்வாய், காலை 6.25

இங்கேதான் எனக்கு ஒத்துவரவில்லை. கிளிப்பியை நினைத்துப் பாருங்கள். ஆஃபிஸ் 97-இல் வந்தது. 2001-இல் ஆஃபிஸ் எக்ஸ்பியில் அதைத் தானாக வராதபடி அணைத்துவைத்தார்கள், ஆஃபிஸ் 2007-இல் ஆளே இல்லை. அது அசிங்கமாக இருந்தது என்று யாரும் வெறுக்கவில்லை. நீங்கள் எழுதுவதை எட்டிப் பார்த்துக் கடிதம் எழுதுகிறீர்களா, உதவட்டுமா என்று கேட்டதே, அதற்காக வெறுத்தார்கள். அதே கிளிப்பி இன்று இந்தப் பெட்ஸ் நீட்சிக்குள் நடக்கிறது, மவுஸை மேலே வைத்தால்தான் பேசுகிறது. யாரும் கோபப்படுவதில்லை.

நெகோவுக்கு நீங்கள் என்ன தட்டுகிறீர்கள் என்றே தெரியாது. அதனால்தான் அதோடு பத்து வருடம் இருக்க முடிந்தது.

நள்ளிரவுக் கமிட் | செவ்வாய், மாலை 6.50

அண்ணே, எதுவுமே தெரியாத, எதுவுமே கேட்காத ஒன்று பிராணியா, வால்பேப்பரா? டமகாட்சி என்ற கையடக்கப் பிராணிப் பொம்மை 1996-இல் வந்தபோது மூன்றே பொத்தான், முட்டை அளவு. பசிக்கும், அசுத்தம் செய்யும், கவனிக்காவிட்டால் செத்துப்போகும். அதனால்தானே பிள்ளைகள் அதைப் பள்ளிக்கூடம்வரை தூக்கிக்கொண்டு அலைந்தார்கள்? கேட்பதால்தான் பாசம் வருகிறது.

மூன்றாம் ஸ்பிரிண்ட் | செவ்வாய், இரவு 8.20

வழக்கமாக இங்கே படித்துவிட்டுப் போய்விடுவேன். இதற்கு மட்டும் சொல்கிறேன். முந்தைய வேலையிடத்தில் எங்கள் மேலாளருக்கு யாரோ இந்த யோசனையைச் சொல்லிவிட்டார்கள். குழுவின் பெரிய திரையில் ஆளுக்கு ஒரு கோழிக்குஞ்சு. கமிட் போட்டால், அதாவது நிரலில் செய்த மாற்றத்தைப் பதிவுசெய்தால் தானியம். போடாவிட்டால் வாடும். முதல் வாரம் சிரிப்பாக இருந்தது. இரண்டாவது வாரம், ஒரு பழைய தரவுத்தளப் பிழையை மூன்று நாளாகத் தேடிக்கொண்டிருந்தவரின் குஞ்சு மட்டும் கவிழ்ந்து கிடந்தது. அவர் அந்த மூன்று நாளும் ஒரு வரி எழுதவில்லை, ஆனால் அந்த மாதத்தின் உருப்படியான வேலை அதுதான்.

மூன்றாவது வாரம் எல்லோரும் காற்புள்ளி மாற்றிக் கமிட், இடைவெளி மாற்றிக் கமிட். குஞ்சுகள் எல்லாம் வான்கோழி மாதிரிக் கொழுத்தன. வரலாற்றைப் பார்த்து எதை யார் ஏன் மாற்றினார்கள் என்று கண்டுபிடிக்க முடியாமல் போய்த்தான் அதை நிறுத்தினார்கள்.

பிள்ளை கையில் டமகாட்சி இருப்பது வேறு. அதன் பசியை மேலாளர் பார்ப்பது வேறு.

நள்ளிரவுக் கமிட் | செவ்வாய், இரவு 11.55

சரி, அது அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என் நாய் என் திரையில் மட்டும்தான். அது இருக்கும்.

பூட்டு சாவி | புதன், காலை 8.05

யாரும் சொல்லாததால் சொல்கிறேன். விஎஸ் கோட் நீட்சிக்குத் தனிக் கூண்டு கிடையாது. உங்கள் பெயரில் என்னென்ன செய்யலாமோ அத்தனையும் அது செய்யலாம்: கோப்பு படிக்கலாம், இணையத்துக்கு அனுப்பலாம். அழகான பூனைக்குட்டி என்று பெயர் தெரியாத ஆளின் நீட்சியை அலுவலகக் கணினியில் போடாதீர்கள். பொன்சிபடி என்று கணினித் திரையில் திரிந்த ஊதாக் குரங்கைப் பழையவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பாட்டுப் பாடும், நகைச்சுவை சொல்லும், பின்னால் விளம்பர வேலை. சிறுவர்களின் விவரங்களைத் திரட்டிய வழக்கில் அந்த நிறுவனம் 2004-இல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துக்கு 75,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

அரைப்புள்ளி தானே எழுதுவதால் பிரச்சினை இல்லை. படமும் இருநூறு வரியும்தானே, இணையம் பக்கமே போக வேண்டியதில்லை.

அரைப்புள்ளி | சனி, மாலை 5.30

முடிந்தது. 32 படமும் வரைந்துவிட்டேன். காது இரண்டு பக்கமும் சரியாக இருக்கிறது.

முதலில் லேப்டாப் விசிறி கத்தியது. நான் நொடிக்கு 60 முறை பூனையை நகர்த்திக்கொண்டிருந்தேன், தேவையே இல்லை. அந்த ஜாவாஸ்கிரிப்ட் ஒநெகோவின் கணக்குப்படி 100 மில்லிநொடிக்கு ஒரு முறை என்று மாற்றியதும் அடங்கிவிட்டது. பார்க்கவும் அதுதான் நன்றாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போகாமல் தத்தித் தத்தி நடக்கிறான். தூங்கிவிட்டால் டைமரையே நிறுத்திவிடுகிறேன். இருட்டுத் தீம் சொன்னதும் சேர்த்தாயிற்று, அசைவு வேண்டாதவர்களுக்குப் படுத்தே இருப்பான்.

டெஸ்டோடு கட்டவில்லை, நள்ளிரவு. முயன்று பார்த்தேன், பொய் சொல்லவில்லை. டெஸ்ட் விழுந்ததும் கண்ணாயிரம் என்னை உட்கார்ந்து பார்த்தான். அவன் அப்படிச் செய்கிறவனே இல்லை. ஊரில் நான் தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோதெல்லாம் அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறான். அந்தப் பத்து வரியை எடுத்துவிட்டேன்.

நேற்று வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து ரொம்ப நேரம் பார்த்தார். “காது சரியா இருக்கு. வால் நுனி நேரா இருக்கே, அவனுக்கு மடங்கித்தானே இருக்கும்?” என்றார். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்திருக்கிறேன், எனக்கு அது தெரியாது. அம்மா நிஜக் கண்ணாயிரத்தைத் தூக்கி வாலைக் கேமராவுக்குக் காட்டினார். ஆமாம், கொக்கி மாதிரி.

கோலப்புள்ளி அக்கா, 32 படத்திலும் வாலை மடக்க வேண்டுமா?

கோலப்புள்ளி | சனி, இரவு 9.10

வேண்டாம். ஓடும்போது வால் கோடாகத்தான் தெரியும், அந்தப் பதினாறையும் விட்டுவிடுங்கள். தூங்கும் படத்தில் வால் உடம்போடு சுருண்டிருக்கும், அதையும் விடலாம். உட்காருவது, சொறிவது, சுவரைப் பிறாண்டுவது, இவற்றில் மட்டும் நுனியில் ஒரு பிக்சலை எடுத்துப் பக்கத்துக் கட்டத்தில், ஒரு வரிசை கீழே வையுங்கள்.

அரைப்புள்ளி | ஞாயிறு, இரவு 10.40

வைத்தாயிற்று. அம்மாவிடம் மறுபடி காட்டினேன். “இப்ப சரி” என்றார். அப்புறம் போனை வைக்கும்போது, அவனுக்கு ஏதாவது போட்டாயா என்று கேட்டார்.